முற்பிறவிக் கணக்கை யார் பார்த்தது?

வாசகர் கேள்வி – பதில்

பௌத்தத்தில் ஆன்மா உண்டா என்று ஒரு வாசகர் சென்ற இதழில் கேட்டிருந்தார். கிடையாது என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. எல்லாமே கர்மா, மறுபிறவி என்று ஒரே இடத்தைச் சுற்றுவதால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஆன்மா கிடையாது என்கிறீர்கள். அப்புறம் மறுபிறவி எடுப்பது எது? ஒருவன் செய்ததை இன்னொருவன் அனுபவிப்பது என்ன நியாயம்?
– கல்லூரி மாணவர், கோவை

உங்களுக்கு முன்னால் ஒரு ராஜா இதைக் கேட்டுவிட்டார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்குப் பகுதியை ஆண்ட கிரேக்க அரசர் மெனாந்தர். பாலி மொழியில் அவர் மிலிந்தன். நாகசேனர் என்ற பிக்குவோடு அவர் நடத்தியதாகச் சொல்லப்படும் உரையாடல்தான் மிலிந்த பஞ்ஹா என்ற நூல். மறுபடி பிறப்பவன் அதே ஆளா, வேறு ஆளா என்று ராஜா கேட்கிறார். அதே ஆளும் இல்லை, வேறு ஆளும் இல்லை என்கிறார் நாகசேனர். இரவு முழுக்க ஒரு விளக்கு எரிகிறது, முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? இல்லை. வெவ்வேறா என்றால் அதுவும் இல்லை, ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் அடுத்தது எரிகிறது. நியாயம் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். மாம்பழம் திருடியவன், 'இவர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு, ஆகவே நான் திருடன் இல்லை' என்று வாதாடினால் ராஜா அவனை விட்டுவிடுவாரா?

பத்து வயதில் எடுத்த என் புகைப்படத்தைப் பார்க்கும்போது நாகசேனர் சொல்வது எனக்குப் புரிகிறது. அந்தப் பையன் நானும் இல்லை, நான் இல்லாமலும் இல்லை. மாறாத ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லாமலே தொடர்ச்சி இருக்க முடியும் என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்னவர்கள் குறைவு.

ஆனால் அதே உவமையில்தான் எனக்குச் சிக்கலும். விளக்குச் சுடர் தொடர்வதற்குத் திரி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம். ஒருவர் இறக்கிறார், வேறெங்கோ ஒரு தாயின் வயிற்றில் கரு உண்டாகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் திரி எங்கே? பௌத்தர்களே இதில் ஒத்துப்போகவில்லை. இடைவெளியே கிடையாது, சாவின் கடைசிக் கணத்தை அடுத்த கணமே புதுப் பிறப்பு என்கிறார்கள் இலங்கை, தாய்லாந்து வழியினரான தேரவாதிகள். இல்லை, நடுவில் ஒரு நிலை உண்டு என்றார்கள் பழைய இந்திய பௌத்தப் பிரிவினரான சர்வாஸ்திவாதிகள். திபெத்தியரோ அது 49 நாள் வரை நீளலாம் என்கிறார்கள். யோகாசாரப் பிரிவினர் வினையின் விதைகளைப் போட்டு வைக்க ஆலய விஞ்ஞானம் என்று ஒரு களஞ்சியத்தையே கட்டினார்கள். பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இத்தனை கட்சி பிரிந்திருக்காது. காலியான ஓர் இடத்தை அடைக்க மிகுந்த அறிவாளிகள் தலைமுறை தலைமுறையாக முயன்றிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே உணர்வுதான் மாறாமல் பிறவி பிறவியாக ஓடுகிறது என்று சொன்ன ஒரு பிக்குவை, மீனவர் மகன் அவர், புத்தர் எல்லோர் முன்னிலையிலும் கடுமையாகக் கண்டித்ததாக, அவர் பேச்சுகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. இன்று பௌத்த நாடுகளில் 'போன பிறவியில் நான் என்னவாக இருந்தேனோ' என்று பேசிக்கொள்ளும் சாதாரண மக்களில் பெரும்பாலோர் அந்த மீனவர் மகன் சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம். நடக்க முடியாது, பேச்சும் தெளிவாக வராது. மன அமைதிக்காக ஒரு தியான வகுப்புக்குப் போனேன். அங்கே மூத்தவர் ஒருவர், "முற்பிறவியில் யாரையோ முடக்கிப் போட்டிருப்பான், அந்த வினை இப்போது கழிகிறது, நீங்கள் சமநிலையோடு பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த வார்த்தை வந்து நிற்கிறது. புத்தர் இப்படித்தான் சொன்னாரா?
– ஒரு தாய், திருச்சி

அம்மா, முதலில் ஒன்று. அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வழியே கிடையாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல, அதுவும் ஒரு குழந்தையின் தாயிடம், சொல்லிவிட்டார். பெருமூளை வாதம் என்பது வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு, பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்பட்ட பாதிப்பு. குறைப்பிரசவம், மூளைக்குப் பிராணவாயு போதாமை, தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை என்று பல காரணங்கள் இருக்கலாம். காரணம் இன்னதென்று கடைசிவரை பிடிபடாமலே போகும் குழந்தைகளும் நிறைய. எதுவாக இருந்தாலும் அவன் செய்த குற்றம் எதுவும் அதில் இல்லை, நீங்கள் செய்த குற்றமும் இல்லை.

சரி, புத்தர் என்ன சொன்னார்? அதே போன்ற தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி அவரிடம் ஏறக்குறைய உங்கள் கேள்வியையே கேட்கிறார்: மனிதன் அனுபவிக்கும் இன்பம், துன்பம் எல்லாமே முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா? சரியில்லை என்கிறார் புத்தர். பித்தத்தால் வரும் வேதனை உண்டு, கபத்தால், வாதத்தால், இம்மூன்றும் கூடுவதால், பருவம் மாறுவதால், உடம்பைச் சரியாகப் பேணாததால், பிறர் தாக்குவதால் வருவதும் உண்டு, வினையால் வருவதும் ஒன்று. மொத்தம் எட்டு. அதில் வினை கடைசி ஒன்றுதான். எல்லாம் பழவினை என்று அடித்துச் சொல்பவர்கள் தங்களுக்கே தெரிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். வினையின் விளைவு எப்படி எப்படி வேலை செய்கிறது என்று நோண்டிக்கொண்டே போனால் பைத்தியம்தான் பிடிக்கும் என்றும் அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. ஆக, உங்களிடம் பேசியவர் தன் நூல்களின்படியே தவறிவிட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆனால் அது பாதி உண்மையாகிவிடும். சுபன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்னதாக மஜ்ஜிம நிகாயத்தில் இன்னொரு சூத்திரம் இருக்கிறது. உயிர்களைக் கொல்பவன் அற்ப ஆயுளோடு பிறப்பான், கையாலும் கல்லாலும் தடியாலும் உயிர்களை வதைப்பவன் நோயாளியாகப் பிறப்பான், கோபக்காரன் அழகில்லாமல், கொடுக்காதவன் ஏழையாக, பெரியவர்களை வணங்காதவன் தாழ்ந்த குடியில். அந்த மூத்தவர் பேசியது இங்கிருந்து வந்த பேச்சு. பௌத்த நாடுகளில் ஊனமுற்றவர்களும் அவர்களின் பெற்றோரும் காலங்காலமாகக் கேட்டுவரும் பேச்சு. புத்தர் இப்படி எதுவுமே சொல்லவில்லை என்று உங்களை நான் தேற்றினால் நாளைக்கே இன்னொருவர் இந்தச் சூத்திரத்தை எடுத்துக் காட்டுவார், அப்போது மறுபடியும் உடைந்துபோவீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: அந்தச் சூத்திரம் சொல்வதை நான் ஏற்கவில்லை, நீங்களும் ஏற்க வேண்டியதில்லை. அதைச் சமாதானப்படுத்தி எழுதப்பட்ட விளக்கங்களைப் படித்திருக்கிறேன், 'இது எதிர்காலத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வது, மற்றவரைக் குற்றம் சொல்ல அல்ல' என்பார்கள். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நோயாளியாகப் பிறந்தவன் கொடுமைக்காரனாக இருந்தான் என்று ஒரு வரி இருந்துவிட்டால், அது குழந்தையைப் பார்த்துத் திரும்பாமல் இருக்க எந்த விளக்கமும் காவல் நிற்க முடியாது.

'சமநிலை' என்றாரே, அதையும் விட முடியவில்லை. பௌத்தத்தில் வளர்க்க வேண்டிய மனநிலைகளாக மைத்ரி (அன்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல்), உபேட்சை என்று நான்கு இருக்கின்றன, உபேட்சைதான் அவர் சொன்ன சமநிலை. அது நான்காவது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய புத்தகோசர், உபேட்சைக்குப் பக்கத்துப் பகைவன் ஒருவன் உண்டு, பார்வைக்கு அதைப் போலவே இருப்பான், அதுதான் அறியாமையால் வரும் அலட்சியம் என்று விசுத்திமக்கம் என்ற தன் நூலில் எச்சரித்திருக்கிறார். நீங்கள் அங்கே சந்தித்தது அந்தப் பகைவனைத்தான்.

பிக்குகளின் ஒழுக்க விதி நூலான விநயப் பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே புரண்டு கிடக்கிறார் ஒரு பிக்கு, யாரும் கவனிக்கவில்லை. புத்தர் அவரிடம் இரண்டு கேள்வி கேட்கிறார். உனக்கு என்ன நோய்? உன்னைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா? இல்லை என்றதும் ஆனந்தரிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, புத்தர் தண்ணீர் ஊற்ற ஆனந்தர் கழுவிவிட, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். முற்பிறவியில் என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. நீங்கள் தினமும் உங்கள் பிள்ளைக்குச் செய்வதும் அதையேதான் அம்மா. குளிப்பாட்டும்போது அந்த மூத்தவரின் வார்த்தை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுபிறவி உண்மையென்றால் மக்கள்தொகை எப்படி இவ்வளவு பெருகியது?
– வாசகர், தஞ்சாவூர்

இது பலவீனமான கேள்வி, கோபிக்காதீர்கள். பௌத்த நூல்களில் மனிதர், விலங்கு, தேவர், பிரேதம் எனும் பசித்த ஆவி, நரகத்தார் என்று 31 தளங்கள், உலகங்களுக்கோ கணக்கே இல்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆள் வரலாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் எந்த எண்ணிக்கை வந்தாலும் ஆட்டம் காணாத ஒரு கொள்கையை எப்படிச் சோதிப்பது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். அது பலமான கேள்வி.

முற்பிறவியை நினைவு வைத்திருக்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறதே? அதையும் நம்ப மாட்டீர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

நடந்திருக்கிறது, சாதாரண ஆளும் செய்யவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இந்தியா, இலங்கை, லெபனான், அலாஸ்கா என்று அலைந்து குழந்தைகளின் கதைகளைப் பதிவு செய்தார். 2007இல் இறக்கும்வரை இதே வேலை. 1966இல் வந்த அவருடைய முக்கியமான நூலின் தலைப்பிலேயே மறுபிறவியைச் 'சுட்டக்கூடிய' நேர்வுகள் என்றுதான் போட்டார், 'நிரூபிக்கும்' என்று போடவில்லை. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதைகள் பெரும்பாலும் மறுபிறவியை ஏற்கெனவே நம்பும் சமூகங்களில் கிடைத்தவை. பல நேரங்களில் ஆய்வாளர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசிக் கலந்துவிட்டன. மூன்று வயதுக் குழந்தை ஒரு பெயரைச் சொன்னால் வீட்டார் கேள்வி கேட்டுக் கேட்டே மீதிக் கதையைக் கட்டிவிடுவார்கள், ஆசிரியையாக இருந்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. விளக்க முடியாத சில நேர்வுகள் மிஞ்சத்தான் செய்கின்றன. விளக்க முடியவில்லை என்பதிலிருந்து இதுதான் விளக்கம் என்பதற்குத் தாவ எனக்கு மனம் வரவில்லை.

நம் மணிமேகலையில் இதே வாதம் வருகிறது, பார்த்திருப்பீர்கள். மறுமை என்பது பொய், பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளில் போதை பிறப்பது போல நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போயிற்று என்கிறான் பூதவாதி. அவள் சிரித்துவிட்டு, என் முற்பிறப்பை நானே அறிந்தேனே என்கிறாள். தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம் என்கிறான் அவன். உன் தாய் தந்தையை மட்டும் அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். கெட்டிக்காரத்தனமான பதில்தான், ஆனால் நான் பூதவாதி பக்கம். தாய் தந்தை யார் என்பதை ஊரில் கேட்கலாம், பிரசவம் பார்த்தவரைக் கேட்கலாம், இன்றைக்கு மரபணுச் சோதனையே செய்யலாம். முற்பிறப்பை எங்கே போய் விசாரிப்பது?

இதைவிடப் பழைய சந்தேகக்காரர் ஒருவர் தீக நிகாயத்தில் இருக்கிறார், கோசல நாட்டுச் சேதவ்யா நகரத் தலைவர் பாயாசி. சாகப்போகும் நல்ல உறவினர்களிடம், சொர்க்கத்துக்குப் போனால் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். யாரும் வரவில்லை. உயிர் வெளியே போவதைப் பார்க்க, ஒரு திருடனைப் பெரிய சாடியில் உயிரோடு அடைத்து, வாயை மூடி, அடுப்பில் ஏற்றியிருக்கிறார். சாவதற்கு முன்னும் பின்னும் ஆளை எடை போட்டும் பார்த்திருக்கிறார். கொடூரம். குமார காசியபர் என்ற பிக்கு ஒவ்வொன்றுக்கும் உவமையால் பதில் சொல்கிறார்: மலக்குழியிலிருந்து மேலேறிக் குளித்துச் சந்தனம் பூசியவன் மறுபடி அதில் இறங்குவானா? நம் நூறு ஆண்டு அங்கே ஒரு நாள், வருவதற்குள் நீ இருக்க மாட்டாய். அப்படியென்று உங்களுக்கு யார் சொன்னது என்று பாயாசி கேட்கிறார் பாருங்கள், நான் படித்ததிலேயே மிக நேர்மையான கேள்வி அது. அதற்கும் கிடைப்பது பிறவிக் குருடன் நிறங்களே இல்லை என்று சொன்ன உவமைதான். கடைசியில் பாயாசி பணிந்துவிடுகிறார். நான் பணிந்திருக்க மாட்டேன். ஆனாலும் இவ்வளவு கூர்மையான எதிர்க்கேள்விகளை வெட்டாமல் திருத்தாமல் தங்கள் புனித நூலுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றிய பிக்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் பௌத்தர்கள். அம்பேத்கர் மறுபிறவி, கர்மாவை மறுத்தார் என்பதால் அவருடையது உண்மையான பௌத்தமே இல்லை என்று ஒரு வெளிநாட்டு பிக்கு சொன்னார். உங்கள் பதில்?
– வாசகர், கோலார் தங்கவயல்

தமிழ் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் உங்கள் தங்கவயலில் வேர்விட்டு நூறாண்டுக்கு மேலாகிறது. அந்த பிக்குவிடம் சான்றிதழ் வாங்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார், டிசம்பர் 6இல் மறைந்துவிட்டார். 'புத்தரும் அவர் தம்மமும்' அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. அதன் முன்னுரையிலேயே, ஆன்மா இல்லை என்ற புத்தர் கர்மாவையும் மறுபிறவியையும் எப்படி ஏற்றார் என்று கோவை மாணவரின் அதே கேள்வியை எழுப்புகிறார். அவர் கர்மாவை ஒரேயடியாகத் தள்ளவில்லை. இந்தப் பிறவியில் செய்வதன் பலன் இந்த வாழ்க்கையிலும் இந்தச் சமூகத்திலும் விளைகிறது என்பதை ஏற்றார். உடம்பின் பூதங்கள் கலைந்து மறுபடி சேர்வதை மறுபிறப்பு என்றார். அவர் தள்ளியது முற்பிறவிக் கர்மாவை. ஏழையின் நிலைக்கு அவன் பழவினை காரணம் என்றால் அரசும் சமூகமும் பொறுப்பிலிருந்து நழுவிவிடலாம், இந்தக் கொள்கைக்கு வேறு என்ன பயன் இருக்க முடியும் என்று கேட்டார். தாழ்ந்த குடியில் பிறந்ததற்கு நீ முன்பு வணங்காததுதான் காரணம் என்ற வரியை, பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத ஒருவர் படித்தால் எப்படிப் படிப்பார்? புத்தர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், பிக்குகள் நுழைத்தது என்பது அவருடைய துணிபு. அது வரலாற்றுப்படி நிற்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, பாலி நூல்கள் முழுக்க மறுபிறவி பரவிக் கிடக்கிறது. ஆனால் அறத்தின்படி அவர் சொன்னதுதான் சரி. தாய்லாந்தில் புத்ததாச பிக்குவும் பிறப்பு என்பதை 'நான், எனது' என்ற எண்ணம் மனதில் எழும் ஒவ்வொரு கணத்துக்கும் பொருத்திக் காட்டினார், அவரை யாரும் பௌத்தர் இல்லை என்று தள்ளிவிட முடியவில்லை.

கொழும்பில் எங்கள் பக்கத்து வீட்டு ஐயா காலமாகி ஏழாம் நாள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்தார்கள், நாங்களும் போனோம். புண்ணியத்தை அவருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அவரவர் வினை அவரவர்க்கு என்றால் இது எப்படிச் சாத்தியம்?
– வாசகி, கொழும்பு

நல்ல அவதானிப்பு. நூல்களின் பதில் இது: புண்ணியம் கைமாறுவதில்லை, தன் பெயரில் நற்செயல் நடப்பதைக் கண்டு இறந்தவர் மகிழ்கிறார், அந்த மகிழ்ச்சி அவருடைய சொந்த நல்வினை. அதுவும் பிரேத நிலையில் பிறந்தவருக்குத்தான் போய்ச் சேரும் என்றும் இருக்கிறது. தர்க்கத்தைக் காப்பாற்றப் பின்னால் கட்டிய பாலம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குடத்து நீரைக் கிண்ணத்தில் வழிய வழிய ஊற்றியதைப் பார்த்திருப்பீர்கள், நிறைந்த ஆறுகள் கடலை நிறைப்பது போல இங்கே கொடுப்பது போனவர்களைச் சேரட்டும் என்று அப்போது ஓதுவார்கள். வீட்டார் எல்லோரும் அந்தக் குடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் நான் இந்த வாதத்தை எடுக்க மாட்டேன். தானம் சாப்பிட்ட வயிறுகள் நிறைந்தன, துக்கத்தில் இருந்தவர்கள் தனியாக இல்லை. அடுத்த முறையும் போய் வாருங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் மறுபிறவியை நம்புகிறீர்களா இல்லையா? நம்பாவிட்டால் நல்லவனாக இருக்க என்ன காரணம்?
– வாசகர், மதுரை

நம்பவில்லை. நல்ல சான்று வந்தால் மாற்றிக்கொள்வேன், இதுவரை வரவில்லை.

இரண்டாவது கேள்விக்குக் கேசபுத்த ஊரைச் சேர்ந்த காலாமர் என்ற குலத்தாரிடம் புத்தர் சொன்னதைத் தருகிறேன். பகையும் வன்மமும் இல்லாத மனம் உள்ளவனுக்கு நான்கு ஆறுதல்கள் என்கிறார். மறுமையும் வினைப்பயனும் இருந்தால் நல்ல இடத்தில் பிறப்பேன். இல்லாவிட்டால் இங்கேயே, இப்போதே துன்பமின்றி வாழ்கிறேன். தீமை செய்பவனைத் தீமை வந்து சேருமானால், தீமை நினைக்காத என்னை அது எப்படித் தொடும்? சேராது என்றாலும் நான் சுத்தமாகவே இருக்கிறேன். 'இல்லாவிட்டால்' என்ற வார்த்தையை ஒரு மதத்தின் நிறுவனர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்பதே எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம். எண்ணத்தைத்தான் வினை என்கிறேன் என்றும் அவர் சொன்னார், அந்த வினையை நம்புகிறேன். நேற்று நான் கோபத்தில் ஒருவரிடம் பேசியது இன்று காலை அவர் முகத்தில் இருந்தது, என் முகத்திலும் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னொரு பிறவி தேவைப்படவில்லை.

தியான வகுப்புகள் பற்றி வந்த மற்ற கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். திருச்சி அம்மா முடிந்தால் மறுபடி எழுதுங்கள், பையன் எப்படி இருக்கிறான் என்று.